மைனி பதில்கள்

டி.வி., நாடகம், பாட்டு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு நாகர்கோவிலிலிருந்து மைனி.

மைனி, சீரியலில் ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் உள்ள எட்டுப் பேர் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்களே, எதற்கு? (தக்கலை வாசகி)

ஆமா போடத்தான், மக்களே.

எங்கள் அம்மா வீடு இரணியல் பக்கம். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பார்கள். வில்லுக்கு நடுவில் இருக்கிற புலவர் வீசுகோலைத் தட்டி, "ராசா புறப்பட்டான்" என்பார். குடம் அடிக்கிறவர், "ஆமா, புறப்பட்டான்... எங்க புறப்பட்டான்?" என்பார். தூங்கி விழுகிற பாட்டாவுக்குக்கூடக் கதை விட்டுப்போகாது. சீரியலில் அந்த ஆமாவை முகங்கள் போடுகின்றன. குடக்காரர் ஒரு தடவையோடு நிறுத்துவார். இங்கே மாமியார், கொழுந்தன், நாத்தனார், வேலைக்காரி, திரும்பவும் மாமியார். நடுவில் இடி வேறு. நேற்று முதல் முகம் வந்தபோது எழுந்து போய், சோறு வடித்து, கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். நாத்தனார் இன்னும் அதிர்ந்து முடிக்கவில்லை.

அமெரிக்காக்காரன் கடன் கணக்கைப் பாட்டாகப் பாடுகிற 'ஹாமில்டன்' உங்களுக்குப் பிடிக்குமாமே! என்ன புரிந்தது? (மார்த்தாண்டம் வாசகர்)

முதல் தடவை பாதிதான் புரிந்தது. நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் 2015-ல் வந்த நாடகம் அது. மேடையில் எடுத்த பதிவு 2020 ஜூலையில் ஓடிடிக்கு வந்தது. ஊரடங்கு நேரம், வேறு என்ன வேலை? இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை, கீழே ஓடுகிற எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்து, மூன்று ராத்திரியில் பார்த்து முடித்தேன்.

ஹாமில்டன் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர். மாநிலங்கள் வாங்கிய போர்க் கடனை மத்திய அரசு ஏற்கலாமா கூடாதா என்று அவரும் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனும் ஜனாதிபதி வாஷிங்டன் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு ராப்பில் சண்டை போடுவார்கள். பட்ஜெட் இப்படி வாசித்தால் நான் காலையிலேயே குளித்து முழுகி டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஹாமில்டனைச் சுட்டது நான்தான் என்று அவருடைய எதிரி ஆரன் பர் முதல் பாட்டிலேயே சொல்லிவிடுகிறான். நம்ம சீரியலாக இருந்தால் இதை மட்டும் வைத்து நாலு வருஷம் வெள்ளிக்கிழமைகளை ஓட்டியிருப்பார்கள். வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை கேட்க உட்காருகிறவளுக்கு, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுப் பட்டன் சாவான் என்று தெரியாதா? அவன் பெண்டாட்டிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் என்ன ஆவார்கள் என்றும் தெரியும். தெரிந்துதான் முந்தானையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள்.

குறையும் உண்டு. எழுதி இசையமைத்த லின்-மானுவெல் மிராண்டாவே ஹாமில்டனாக வருகிறார். எழுத்து மலை, குரல் கொஞ்சம் மெலிசு. பர்ராக வரும் லெஸ்லி ஓடம் வாயைத் திறந்தால் இவர் காணாமல் போகிறார். பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருதில், 2016-ல் சிறந்த நாயகன் பரிசுக்கு இரண்டு பேரும் போட்டியில் இருந்தார்கள். ஓடத்துக்குத்தான் கொடுத்தார்கள். எனக்கும் அதே தீர்ப்புதான்.

இழுத்துக்கொண்டே போவது நம்ம ஆட்களுக்கு மட்டும் உள்ள வியாதியா? (குளச்சல் வாசகி)

நியூயார்க்கில் 'ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' என்கிற பாட்டு நாடகம் 1988-லிருந்து 2023 வரை 35 வருஷம் ஓடியது, 13,981 காட்சிகள். ஆனால் அன்றைய கதை அன்றைக்கே முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். நம்ம 'கோலங்கள்' சீரியல் 2003-ல் தொடங்கி 2009-ல் முடிந்தது. அதற்குள் எங்கள் தெருவில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டது.

தூர்தர்ஷனில் 1987-ல் வந்த ராமாயணத்தில் என்ன குறை கண்டீர்கள்? (பூதப்பாண்டி வாசகர்)

உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இல்லை. நம்ம ஊர்த் தோல்பாவைக்கூத்தில் ராமன் காட்டுக்குப் போகிற சோகத்திலும் இந்த இரண்டு கோமாளிகளும் வந்து ஒருத்தர் தலையில் ஒருத்தர் போடுவார்கள். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமன், சீதை, கூனி, குரங்கு எல்லோருக்கும் குரல் கொடுப்பார். டி.வி.யில் அத்தனை பேர் நடித்தும் சிரிக்க ஆள் இல்லை.

பாட்டாலேயே கதை சொல்கிற மியூசிக்கல் நம்ம பக்கத்தில் உண்டா? (நாகர்கோவில் வாசகி)

பெயர்தான் இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் நாடகம் என்றாலே பாட்டுதான். அவரிடம் பாடம் கேட்டவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்கள் குழுவில் நடித்தவர்தான் 1908-ல் நம்ம ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன். அந்தக் கால மேடையில் செத்து விழுந்த ராஜா, "ஒன்ஸ் மோர்" கேட்டால் எழுந்து உட்கார்ந்து இன்னொரு தடவை பாடிவிட்டுச் சாவாராம். பிராட்வேக்காரன் இதையெல்லாம் கற்றுக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில்? (கருங்கல் வாசகர்)

என் கையில். அத்தானுக்குச் சீரியல் என்றாலே ஆகாது. எட்டு மணிக்குப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அந்த நாத்தனார் கேட்டதுல என்ன தப்பு?" என்று குரல் வரும். நானும் ஆமா போடுவேன். கையில் இருப்பது முந்தாநாள் பேப்பர்.