கோயிலில் நோய் தீரும் முடிவு பற்றி

உங்கள் கதையில் கோயில் காட்சி இருக்கட்டும். அங்கே நோய் தீர்வதை மட்டும் நீக்குங்கள். இருமுனைக் கோளாறுள்ள (மிகை எழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) காரைக்குடிப் பெண் கொப்புடையம்மன் சந்நிதியில் ஒரே நாளில் குணமடைவது பொய்யாகத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பொய்யாகத்தான் தோன்றும். பல ஆண்டுகள் தணிந்தும் மீண்டும் தலைதூக்கியும் தொடரும் நோய் அது.

அம்மனை மருத்துவருக்குப் போட்டியாக நிறுத்தியதே காரணம் என நினைக்கிறேன். எடுத்துக்காட்டாகப் பிள்ளையார் நோன்பைப் பாருங்கள். கார்த்திகை தீபத்தை அடுத்த 21ஆம் நாள், 21 நூலிழைகளால் ஆன திரியை மாவுப் பிள்ளையாரில் வைத்து, நெய்யில் ஏற்றி, வீட்டில் மூத்தவர் தர, சுடரோடு வாயில் இட்டுக்கொள்ளும் நகரத்தார் வழக்கம் அது. அப்பத்தா கையால் இழையை வாங்கிக்கொண்ட அதே பெண், அன்றிரவு வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொள்ளட்டும். பக்தி அவளுக்குத் தருவது குணம் அன்று. வீட்டார் வரிசையில் அவளுக்கும் ஓர் இடம். இதை விரிவாகவே எழுதுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: அந்த அத்தியாயத்தில் அவளது நோயை அழித்துவிட்டுப் படியுங்கள். அவளுக்கென்று ஓர் ஆசையோ கோபமோ மிஞ்சவில்லையென்றால், நீங்கள் இன்னும் நோயாளியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கை. அவள் இந்நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை உட்கொள்பவள் என்றால், நீரும் உப்பும் குறையும் கடும் உபவாசம் இரத்தத்தில் அம்மருந்தின் அளவை ஆபத்தான நிலைக்கு உயர்த்தக்கூடும். ஆகவே நோன்புக்கு முன் அவள் மருத்துவரைக் கேட்பதாக ஒரு வரியாவது சேருங்கள். கதையைப் படித்துவிட்டு அப்படியே செய்து பார்ப்பவர்கள் உண்டு.