டெக்சாஸில் வருமான வரி இல்லை, சரி, மிச்சக் கணக்கு?

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, கம்பெனியில் டல்லாஸ், ஹூஸ்டன் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கிற சித்தப்பா அங்கே வா என்கிறார். டெக்சாஸில் வருமான வரி கிடையாது, வீடு மலிவு என்று கேள்வி. வீட்டுக்காரி நர்ஸ், பிள்ளைக்கு நாலு வயது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்க."

தம்பி, சம்பளத்தில் மாநில வரி என்று டெக்சாஸ் ஒரு காசு பிடிக்காது, அது உண்மை. மத்திய அரசு வரி எங்கே போனாலும் உண்டு. ஆனால் ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் வர வேண்டுமே, அதை வீட்டின் தலையில் வைக்கிறார்கள். பல ஊர்களில் வீட்டு வரி வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வரும். 4,00,000 டாலர் வீடு என்றால் வருடம் 8,000 டாலர், மாதம் 660-க்கு மேல். கடன் அடைந்து பத்திரம் கைக்கு வந்த பிறகும் இது நிற்காது. நாகர்கோவில் வீட்டு வரி ரசீதை மனதில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போகாதீர்கள்.

புதுக் குடியிருப்புகளில் இதற்கு மேல் 'மட்' வரி ஒன்று சேரும். தண்ணீர்க் குழாய், சாக்கடை போடக் கடன் வாங்கிய உள்ளூர் சேவை அமைப்பு அதை வீட்டுக்காரர்களிடம் வசூலிப்பது. அது சேர்ந்தால் மொத்தம் 2.5 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பில்டர் காட்டுகிற மாதத் தவணைக் கணக்கில் இது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொரு பொறி: புது வீட்டுக்கு முதல் வருடம் வெறும் மனைக்கு மட்டும் வரி போட்டிருப்பார்கள். மறு வருடம் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிட்டதும் பேங்க் எஸ்க்ரோ கணக்கில் (வரிக்கும் காப்பீட்டுக்கும் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் கணக்கு) பள்ளம் விழுந்து, மாதத் தவணை திடீரென்று நானூறு ஐந்நூறு டாலர் ஏறும். வட்டி மாறாத கடன்தானே என்று நினைத்தவர்கள் இங்கேதான் முழிக்கிறார்கள்.

குறைக்க வழி உண்டு. குடியிருக்கிற வீட்டுக்கு 'ஹோம்ஸ்டெட்' விலக்குக்கு விண்ணப்பித்தால் பள்ளி வரிக்கான மதிப்பில் பெரிய தொகை கழியும். 2023-ல் அது 1,00,000 டாலர், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆக்கினார்கள். அதோடு வரிக்குரிய மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறவும் முடியாது. எச்1பி வேலை விசாவில் இருப்பவரும் இந்த விலக்கை வாங்கலாம், ஆனால் டிரைவிங் லைசென்ஸில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். விண்ணப்பம் இலவசம். பணம் கேட்டுத் தபாலில் வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள், அல்லது நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். பக்கத்து வீடுகள் விற்ற விலை, சுவர் விரிசலின் போட்டோ இரண்டும் போதும், வக்கீல் வேண்டாம்.

சித்தப்பா சொல்கிற நியூ ஜெர்சியில் வீட்டு வரியும் அதிகம், வருமான வரியும் தனி. அந்த ஒப்பீட்டில் டெக்சாஸ்தான் லாபம். கலிபோர்னியாவோடு ஒப்பிட்டால் பதில் வேறு: வாடகைக்கே இருப்பவருக்கு டெக்சாஸ் நல்ல லாபம், பெரிய வீடு வாங்கினவருக்கு அந்த லாபத்தில் பாதி வரியாகவே போய்விடும். கடையில் விற்பனை வரி பெரும்பாலும் 8.25 சதவீதம். அரிசி, பால், காய்கறிக்கு அது கிடையாது.

கரண்ட் விஷயத்தை நம்ம ஊர் மின்வாரியம் மாதிரி நினைக்க வேண்டாம். டல்லாஸ், ஹூஸ்டன் பகுதிகளில் கம்பி ஒருவருடையது, விற்பவர் வேறு. 'பவர் டு சூஸ்' என்ற அரசுத் தளத்தில் நூறு திட்டம் வரும். ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் நகராட்சியே விற்கிறது, தேர்வு கிடையாது. மேலே மலிவாகத் தெரிகிற திட்டம் பெரும்பாலும் கண்ணிதான்: 1,000 யூனிட் தொட்டால் 100 டாலர் தள்ளுபடி என்று இருக்கும், 990 ஓடினால் ஒன்றும் கிடைக்காது. 'எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்' என்ற ஒரு பக்கத் தாளில் 500, 1,000, 2,000 யூனிட்டுக்கு சராசரி விலை போட்டிருப்பார்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற, விலை மாறாத 12 மாதத் திட்டத்தை எடுங்கள். காலம் முடிந்த மறுநாள் விலை தானாக ஏறும். முடிவதற்கு 14 நாள் முன்பிருந்தே அபராதமில்லாமல் மாறலாம், அந்தத் தேதியை போனில் குறித்து வையுங்கள். ஆகஸ்டில் தனி வீட்டு ஏசி 2,000 யூனிட் இழுப்பது சகஜம்.

வெயிலைப் பற்றி நாம் எதையும் குறைத்துச் சொல்ல வேண்டாம். நமக்கு இரண்டு பருவமழை, மலைக்காற்று, கடற்காற்று; 35 டிகிரி ஆனாலே புலம்புவோம். டல்லாஸில் 2011-ல் 71 நாள் 100 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது, அதாவது கிட்டத்தட்ட 38 டிகிரியும் அதற்கு மேலும். அது வறண்ட சூடு. ஹூஸ்டனின் சூடு குளச்சல் கடற்கரையில் மே மாத மத்தியானம் மாதிரி, சட்டை ஒட்டும். ஆஸ்டின் பக்கம் வெயில் காலம் முடிந்தாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 'சீடர்' மரத்தின் மகரந்தம் மூக்கையும் கண்ணையும் ஒரு வழி பண்ணும்.

குளிரைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2021 பிப்ரவரி 16-ம் தேதி டல்லாஸில் மைனஸ் 19 டிகிரி. டெக்சாஸின் பெரும்பகுதி மின்கட்டமைப்பு மற்ற மாநிலங்களோடு பெரிதாக இணையாதது, அவசரத்துக்கு வெளியிலிருந்து அதிக மின்சாரம் வாங்க முடியாது. எரிவாயுக் கிணறும் மின்நிலையமும் சேர்ந்து உறைந்ததில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். குளிர் தாங்காமல் மூடிய கராஜில் காரை ஓடவிட்டும், வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும் விஷப்புகையில் போனவர்களும் அதில் உண்டு. வீடுகளில் தண்ணீர்க் குழாய் மச்சில் ஓடுவதால் உறைந்து வெடித்தால் சீலிங்கோடு கீழே வரும். உறைபனி எச்சரிக்கை வந்தால் வெளிக் குழாயை மூடி போட்டு மூடுங்கள், உள்ளே குழாய்களைச் சொட்டவிடுங்கள், சிங்க் அடியிலுள்ள கதவைத் திறந்து வையுங்கள். குடியேறிய அன்றே மெயின் வால்வு எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி டல்லாஸா ஹூஸ்டனா என்பது. ஹூஸ்டனில் தண்ணீர், டல்லாஸில் ஆலங்கட்டி. இப்படிப் பார்த்தால் முடிவு எளிது.

ஒகி புயல் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட அதே 2017-ல், மூன்று மாதம் முன்பு ஆகஸ்டில், ஹார்வி புயல் ஹூஸ்டனில் நின்று பெய்தது. பேச்சிப்பாறை அணையில் மறுகால் திறந்தால் குழித்துறை ஆற்றோரம் பயப்படும். அதாவது அணைக்குக் கீழே இருப்பவன். ஹூஸ்டனின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு அணைகள், சாதாரண நாளில் வறண்ட புல்வெளி, பூங்கா. ஹார்வியில் கீழே இருந்தவர்கள் மட்டுமல்ல, அணைக்கு மேல்பக்கம் நீர் தேங்கும் பரப்புக்குள்ளேயே வீடு கட்டியிருந்தவர்களும் மூழ்கினார்கள். பாதிப் பேருக்குத் தாம் குளத்துக்குள் இருக்கிறோம் என்றே தெரியாது. ஆகையால் வீடு பார்க்கும்போது ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் துறை) வெள்ள வரைபடம் மட்டும் போதாது. அந்த அணைகளின் நீர்ப்பரப்பு வரைபடம், 2017-ல் அந்த வீட்டில் தண்ணீர் ஏறியதா என்ற விற்பவரின் எழுத்துமூல அறிவிப்பு, இரண்டையும் வாங்குங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குக் கொடுக்காது, வெள்ளக் காப்பீடு தனி. அரசுத் திட்டத்தில் சேர்ந்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், புயல் சின்னம் பார்த்த பிறகு ஓடிப் பயனில்லை. 2024 ஜூலையில் பெரில் புயலில் அங்கே 20 லட்சத்துக்கு மேல் இணைப்புகள் இருண்டன.

டல்லாஸ் பக்கம் மார்ச் முதல் ஜூன் வரை ஆலங்கட்டி. எலுமிச்சை அளவு விழுந்தால் கூரையும் காரும் போச்சு. கூரைக் காப்பீட்டில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு வீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம் என்று இருக்கும்: 4,00,000-க்கு 4,000 முதல் 8,000 டாலர் கைக்காசு. "உங்க பங்கை நாங்க பார்த்துக்கிறோம்" என்று கதவு தட்டும் கூரைக்காரரை அனுப்பிவிடுங்கள், 2019 முதல் அது இங்கே சட்டவிரோதம். கார் திறந்தவெளியில் நிற்கிறதென்றால் 'காம்ப்ரிஹென்சிவ்' இல்லாத பாலிசிக்கு ஆலங்கட்டி சேதம் வராது. மண்ணும் களிமண், மழையில் உப்பி, கோடையில் சுருங்கி அஸ்திவாரத்தை அசைக்கும். வீட்டைச் சுற்றி ஓர் அடி தள்ளிக் கசிவுக் குழாய் போட்டுக் கோடையில் நனைக்கிறார்களே, அது செடிக்கு அல்ல.

இரண்டுக்கும் நடுவே 240 மைல், கிட்டத்தட்ட நாகர்கோவில் – திருச்சி தூரம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி ஒன்றே நம்ம மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அதனால் ஆபீஸ் எங்கே என்று தெரியாமல் வீடு பிடிக்க வேண்டாம். பஸ்ஸை நம்பவே வேண்டாம்.

லைசென்ஸ்: குடியேறி 90 நாளுக்குள் டெக்சாஸ் லைசென்ஸ் எடுக்க வேண்டும். டிஎன் 74, 75 லைசென்ஸை மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. எழுத்தில் 30 கேள்வி, 21 சரியாக வேண்டும். ஓட்டிக் காட்டும் முன் ஒரு மணி நேரச் சாலைப் பாதுகாப்பு வீடியோ பார்த்துச் சான்று எடுக்க வேண்டும், அது 90 நாளுக்குத்தான் செல்லும். வயது 25-க்குக் கீழே என்றால் ஆறு மணி நேர வகுப்பும் கட்டாயம். தேர்வில் நம்மவர்களைக் கவிழ்ப்பது இரண்டு: இரு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்துவது, ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுக்க நிற்காமல் உருட்டிக்கொண்டே போவது. நகரத்து அலுவலகத்தில் தேதி தள்ளிக் கிடைத்தால் ஒரு மணி தூரத்துச் சின்ன ஊரில் பாருங்கள். அனுமதி பெற்ற டிரைவிங் பள்ளிகளிலும் ஓட்டும் தேர்வு கொடுக்கலாம். ஆர்டிஓ-வில் சர்வதேச அனுமதி வாங்கி வருவது கார் வாடகைக்கு எடுக்க உதவும்.

மருத்துவத்தில் ஒரு டெக்சாஸ் சிறப்பு. கடைவீதியிலேயே கிளினிக் மாதிரி 'எமர்ஜென்சி' பலகை நிற்கும். அது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் விலையிலேயே பில் போடும், காய்ச்சலுக்கும் ஆயிரக்கணக்கில் வரும். நீங்கள் தேட வேண்டியது 'அர்ஜென்ட் கேர்' பலகை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், உள்ளே சோபாவும் ஒரே மாதிரி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் இதையெல்லாம் பார்க்காமல் 911.

வீட்டுக்காரிக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன்: எச்4-ல் (எச்1பி-காரரின் மனைவிக்கான விசா) வந்தால் உடனே வேலை கிடையாது. தம்பியின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அங்கீகாரமான பிறகுதான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் காத்திருக்கும் காலம் வீணாக வேண்டாம். நர்சிங் கல்லூரி மதிப்பெண், மாநில நர்சிங் கவுன்சில் பதிவுச் சரிபார்ப்பு இரண்டையும் கிளம்பும் முன்பே தொடங்குங்கள். இங்கிருந்து தபாலில் துரத்துவது பெரும்பாடு. என்கிளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். டெக்சாஸ் நர்சிங் ஒப்பந்த மாநிலங்களில் ஒன்று, இங்கே எடுக்கும் பன்மாநில லைசென்ஸ் ஒப்பந்தத்திலுள்ள மற்ற மாநிலங்களிலும் செல்லும்.

பிள்ளைக்குச் செப்டம்பர் 1-ல் 5 வயது நிறைந்திருந்தால் கிண்டர்கார்டன். 4 நிறைந்திருந்து, ஆங்கிலம் பேசத் தெரியாது என்றால் அரசுப் பள்ளி 'ப்ரீ-கே' இலவசம். பலர் இது தெரியாமல் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் டே-கேருக்குக் கொடுக்கிறார்கள். விமானம் ஏறும் முன் ஊரில் தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளை முடித்து, டாக்டர் கையெழுத்து, சீலோடு தேதி வாரியாக வாங்குங்கள். பின்னிரண்டும் நம்ம அரசு அட்டவணையில் இல்லை, இங்கே பள்ளியில் கேட்பார்கள். நல்ல பள்ளி என்று டல்லாஸ் பக்கம் பிளேனோ, ஃப்ரிஸ்கோவிலும் ஹூஸ்டன் பக்கம் கேட்டியிலும் எல்லாரும் குவிகிறோம். வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் (யூடி) மட்டும் இன்னும் இறுக்கம். எல்லாப் பிள்ளையும் படிக்கிற பள்ளியில் அந்த 10-க்குள் நுழைவதுதான் கஷ்டம். நாலு வயதுக்கு இப்போது அது வேண்டாம்தான்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஹூஸ்டன் பக்கம் மிசோரி சிட்டி, ஸ்டாஃபோர்டு, டல்லாஸ் பக்கம் கார்லண்ட், மெஸ்கீட் என்று மலையாளிகள் நிறைந்த ஊர்கள். சம்பா அரிசி, உறைந்த சக்கை, சாளை, அயலை எல்லாம் அவர்கள் கடையில். மெக்சிகன் கடையில் 'யூக்கா' என்று மெழுகு பூசி வைத்திருப்பது நம்ம மரச்சீனிதான், 'பிளான்டெய்ன்' ஏத்தன் (நேந்திரம்) இல்லாத குறையைத் தீர்க்கும். கோயில் என்றால் ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாந்தில் மீனாட்சி. கடல் என்று கால்வெஸ்டனுக்குப் போனால் தண்ணீர் பழுப்பாக இருக்கும், முட்டம் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்; ஏத்தங்காய் சிப்ஸ் வரும், சுங்கத்தில் மறைக்காமல் அறிவியுங்கள்.

என் கணிப்பு: மனைவியின் வேலை, மலையாளிக் கடை, மருத்துவமனைகள் என்று பார்த்தால் ஹூஸ்டன். ஈரப்பதமும் வெள்ளமும் வேண்டாம் என்றால் டல்லாஸ். எதுவானாலும் முதல் வருடம் வாடகை வீடு, ஒரு கோடையும் ஒரு குளிரும் பார்த்த பிறகு வீடு வாங்குவதைப் பற்றிப் பேசலாம். ஆபீஸ் இருக்கிற இடத்தின் ஜிப் கோடு எண்ணைச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் வாடகை பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.