பூசணிப் பூ கொட்டுதாம், பத்துத் தேன்பெட்டி வாங்கலாமா?

முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஒரு ஏக்கரில் பூசணி, அரை ஏக்கரில் வத்தகப்பழம் (தர்பூசணி). பூ நிறையப் பூக்கிறது, அப்படியே கொட்டுகிறது. பிடிக்கிற பிஞ்சிலும் பாதி ஒரு பக்கம் சூம்பி வளைந்துபோகிறது. தேனீ இல்லாததுதான் காரணம் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னாராம். பூச்சியோடு பத்துப் பெட்டி தருவாராம், பெட்டிக்கு வருசம் 30 கிலோ தேன் வருமாம், அந்தத் தேனை அவரே திருப்பி வாங்குவாராம். பாதிக் காசு முற்பணம். நகையை அடகு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

வைக்காதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் கொட்டிக்கிடக்கிற பூவில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அடியில் குட்டிப் பூசணி மாதிரி ஒரு உருண்டை இருக்கிறதா, இல்லை வெறும் நீளக் காம்புதானா? வெறும் காம்பென்றால் அது ஆண்பூ. ஆண்பூ காய்க்காது, ஒரு காலை விரிந்து மகரந்தம் கொடுத்துவிட்டுக் கொட்டிவிடும், அதுதான் அதன் வேலை. பூசணியில் முதல் ஒன்று இரண்டு கிழமைக்குப் பெரும்பாலும் ஆண்பூதான் வரும், பெண்பூ பிறகுதான் எட்டிப்பார்க்கும். இது தெரியாமல் பூ கொட்டுது பூ கொட்டுது என்று கடைக்கு ஓடி, கடைக்காரர் எடுத்துத் தந்த ஏதோ ஒரு போத்தலை வாங்கி அடித்து, அதோடு வந்துகொண்டிருந்த நாலு தேனீயையும் கொன்றவர்கள் எத்தனை பேர் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆகவே ஆண்பூ கொட்டினால் தேனீயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், இரண்டு கிழமை பொறுமை போதும். உங்கள் கொடிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதம்தான் ஆகிறதென்றால் பாதிக் கவலை இங்கேயே முடிந்தது.

வளைந்த பிஞ்சு வேறு கதை. அது பெரும்பாலும் மகரந்தம் போதாமல் வருவது. பூசணி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது, காற்றில் பறக்காது, யாராவது உடம்பில் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வத்தகப்பழத்தின் ஒரு பெண்பூவுக்கு ஏழெட்டுத் தடவையாவது தேனீ வந்துபோனால்தான் காய் சுற்றிவரத் திரளும். அதற்கும் நேரம் கொஞ்சம்தான். விடியும்போது விரிகிற பூசணிப் பூ பத்து, பதினொரு மணிக்கெல்லாம் வாடிவிடும்.

அப்படியென்றால் நீங்கள் எத்தனை மணிக்கு மருந்து அடிக்கிறீர்கள்? வெயில் ஏறமுதல் அடித்தால் சுகம் என்று காலை ஆறரைக்கு ஸ்பிரேயரைத் தோளில் போடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். பூ விரிந்திருக்கிற, தேனீ வந்திருக்கிற அதே நேரம். பிறகு பத்துப் பெட்டி என்ன, நூறு பெட்டி வைத்தும் என்ன? அடிக்கத்தான் வேண்டுமென்றால் பூ வாடிய பிறகு, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அடியுங்கள். பக்கத்துக் காணிக்காரரிடமும் சொல்லுங்கள், தேனீக்கு உங்கள் வேலி தெரியாது.

இந்தப் போகத்துக்குக் கையாலேயே செய்யலாம். காலை எட்டு மணிக்குள் ஆண்பூ ஒன்றைப் பிடுங்கி, இதழைக் கிழித்தெறிந்துவிட்டு, நடுவில் மஞ்சள் தூள் படிந்து நிற்கிற தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குக் காணும். இரண்டு பேர் நடந்தால் ஒரு ஏக்கரை ஒரு காலையில் பார்த்துவிடலாம். நகை பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

இனி அந்த ஆளுக்கு வருவோம். 30 கிலோ என்பது இத்தாலியத் தேனீயின் கணக்கு. இந்தியாவில் அதைப் பெட்டியில் வளர்க்கிறார்கள், அந்தப் பக்கத்து வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே கதை அளக்கிறார்கள். எங்களிடம் இருப்பது மரப்பொந்திலும் கறையான் புற்றிலும் அடுக்கடுக்காக வதை (தேனடை) கட்டுகிற நாட்டுத் தேனீ. அது நல்ல வருசத்தில் 5 கிலோ தரும், கவனமாகப் பார்த்தால் 10. சோளகக் காற்று அடித்துக் காடு காய்ந்த வருசத்தில் ஒன்றும் தராது, நீங்கள்தான் சீனிப்பாணி கரைத்து ஊட்ட வேண்டிவரும். திருப்பி வாங்குகிறேன் என்கிற பேச்சு இந்த 30 கிலோவை நம்ப வைக்கத்தான். தேன் வந்தால்தானே வாங்க வேண்டும்?

நானும் ஏமாந்தவன்தான், மறைக்க என்ன இருக்கிறது. தொடங்கின காலத்தில் இதேமாதிரி ஒருவரிடம் ஐந்து பெட்டி வாங்கினேன். மூடியைத் திறந்தால் பூச்சி மொய்த்தது, சந்தோசமாக ஏற்றிக்கொண்டு வந்தேன். மூன்றாம் கிழமை சத்தம் குறைந்தது. ஆறாம் கிழமை திறந்தால் வதை முழுக்கச் சிலந்தி வலை மாதிரி நூல், அதற்குள் மெழுகுப் புழு நெளிகிறது, அடிப்பலகையில் மிளகுத்தூள் கொட்டினமாதிரி எச்சம். காட்டில் கூட்டைக் கலைத்து, பூச்சியை மட்டும் அள்ளிப் பெட்டிக்குள் கொட்டித் தந்திருக்கிறார். ராணி இல்லை. ராணி இல்லாத பெட்டி உயிரோடிருக்கிற பிணம்தான், இருக்கிற பூச்சி கிழடாகிச் சாகும்வரை மொய்க்கும், அந்த ஒரு மாதத்துக்குள் விற்றவர் போனை மாற்றிவிடுவார்.

ஆகவே வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைத் தெரிந்துவைத்திருங்கள். பெட்டிக்குள் வதை தொங்குகிற மரச்சட்டத்தைத் தூக்கி, வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிறமாதிரித் திரும்பி, வதையின் அறைக்குள் பாருங்கள். அறையின் அடியில், நடுவில், வெள்ளை நூல் துண்டை நட்டுவைத்தமாதிரி முட்டை இருக்க வேண்டும், ஒரு அறைக்கு ஒன்று. ஒரே அறைக்குள் மூன்று நாலு முட்டை தாறுமாறாகக் கிடந்தால் ராணி செத்து நாளாகிவிட்டது, வேலைக்காரத் தேனீ முட்டை போடுகிறது, அதிலிருந்து ஆண்தான் வரும், கூடு முடிந்தது. வாசலில் நின்று பத்து நிமிசம் பாருங்கள், காலில் மஞ்சள் உருண்டையோடு பூச்சி உள்ளே போனால் அங்கே குஞ்சு வளர்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். விற்கிறவர் மூடியைத் திறந்துகாட்டச் சாட்டுப்போக்குச் சொன்னால் தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. எங்கிருந்தோ ஏற்றிவருகிற கூட்டோடு நோயும் வரும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பெயர் தாங்கிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் புகுந்து இதே இனத் தேனீயைத்தான் வாரிக்கொண்டு போனது. தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்திலேயே பெட்டிகள் வெறுமையாகின. தேனீயின் புழு பையில் தண்ணீர் கட்டினமாதிரி அறைக்குள்ளேயே செத்துக்கிடக்கும், மருந்து கிடையாது.

பூச்சிக்குக் காசு கொடுக்கவே தேவையில்லை, காடு பக்கத்தில்தானே இருக்கிறது. போரில் ஷெல் பட்டுத் தலைபோன பனைகளில் எத்தனை கூடு இருக்கிறதென்று ஊர்ப் பெடியளைக் கேளுங்கள். பழைய மண்பானை ஒன்றின் உட்புறத்தில் தேன்மெழுகைச் சூடாக்கிப் பூசி, வாய்க்குச் சிறு ஓட்டையுள்ள பலகை மூடி போட்டு, நிழலில் ஆள் உயரத்தில் கட்டிவையுங்கள். மாரிமழை ஓய்ந்து காடு பூக்கிற தை, மாசியில் கூடு பிரிந்து வருகிற கூட்டம் தானாக வந்து குடியேறும். மூன்று பானை கட்டினால் ஒன்றில் விழும். வதை கட்டினபிறகு அதை அறுத்து வாழைநாரால் சட்டத்தில் கட்டிப் பெட்டிக்கு மாற்றலாம், அதை முதல் தடவை தெரிந்த ஒருவரோடு செய்யுங்கள். பெட்டிக்காலை எண்ணெய் ஊற்றின தகரப்பேணிக்குள் வையுங்கள், எறும்பு ஏறினால் இந்தத் தேனீ பெரும்பாலும் நின்று சண்டை பிடிக்காது, கூட்டோடு எழும்பிப் போய்விடும். ஒன்றரை ஏக்கருக்கு மூன்று நாலு பெட்டி தாராளம்.

இதையெல்லாம் அரசாங்கம் சொல்லித்தர வேண்டாமா என்று கேட்பீர்கள். விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவவில் இருக்கிறது. வன்னிக் கமக்காரருக்கு அது நாட்டின் மற்ற அந்தம், மலை, குளிர், வேறு பூ. இங்கே வருவது என்னவென்றால் வாழ்வாதாரத் திட்டம். பெட்டியைக் கொடுத்து, படம் எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வருசம் அந்தப் பெட்டிக்குள் கோழி அடை கிடக்கும். நான் கண்ட அறிக்கை எல்லாவற்றிலும் தேனீயின் பயன் எத்தனை போத்தல் தேன் என்றுதான் இருந்தது. உங்கள் வத்தகப்பழம் நேராகத் திரண்டதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது, அதனால் கணக்கும் கிடையாது. நெல்லுக்குத் தேனீ தேவையில்லை என்பது உண்மைதான், அது தன் பூவுக்குள்ளேயே காரியத்தை முடித்துவிடும், எங்கள் அதிகாரிமாருக்கு விவசாயம் என்றால் நெல், குளம், உரம். எப்படியும் விவசாயப் போதனாசிரியரை ஒருக்கால் தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள், வந்தால் நல்லது.

கடைசியாக, தேன்பெட்டி வைத்தால் யானையும் வராது என்று அந்த ஆள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கென்யாவில் அப்படி வேலி கட்டுகிறார்கள், உண்மை. பெட்டிகளைக் கம்பியால் தொடுத்து, யானை கம்பியை முட்டினால் எல்லாப் பெட்டியும் ஆடுகிறமாதிரி. அங்கே இருப்பது ஆபிரிக்கத் தேனீ, கிட்டப் போனாலே கூட்டமாக விரட்டும். எங்கள் நாட்டுத் தேனீ சாது, இருட்டில் பெட்டியை விட்டு அவ்வளவாக வெளியே வரவும் மாட்டாது, யானை வருவதோ இரவில். அவர் பெட்டியை எந்த மூலையில் வைக்கச் சொன்னார், எத்தனை அடி இடைவெளி என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.