காற்று திரும்பும் நேரம்: புயல் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புயலின் நடுவே காற்று ஓய்ந்து, பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடிப்பது ஏன்? அதற்கேற்ப படகை எப்படிக் கட்டுவது?
- மீனவர், நாகை மாவட்டம்

பதில்: ஓய்வது புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, தலைக்கு மேல் வரும்போது. நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. வங்கக் கடலிலிருந்து மேற்கே நகரும் புயலில், கண் வரும் வரை வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்று. கண் போனதும் தெற்கிலிருந்து அடிக்கும் சோழகம். 20 கி.மீ. அகலமுள்ள கண், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் அமைதி ஒரு மணி நேரம் நீடிக்கும். கண்ணின் விளிம்பு மட்டும் உரசிப் போனால் பத்து நிமிடம்கூட இருக்காது. அந்த நேரத்தில் கயிற்றைச் சரிசெய்யக் கரைக்குப் போகவே கூடாது.

எனவே முன்கூட்டியே இரு திசைக்கும் கட்டுங்கள். ஃபைபர் படகென்றால் எஞ்சினையும் வலையையும் இறக்கிவிட்டு, அலையேறும் கோட்டுக்கு மேலே நன்றாக இழுத்து வையுங்கள். வெறும் படகைக் காற்று புரட்டிவிடும். உள்ளே மணல் மூட்டைகளை அடுக்கி, வடக்கிலும் தெற்கிலும் கயிறு கட்டுங்கள். துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகள் பெரும்பாலும் காற்றால் உடைவதில்லை, ஒன்றோடொன்று மோதித்தான் உடைகின்றன. இடைவெளி விடுங்கள், பக்கவாட்டில் பழைய டயர்களைத் தொங்கவிடுங்கள். கயிறு விறைப்பாக இருந்தால் கடல் மட்டம் ஏறும்போது அறுந்துவிடும், தளர்வு வேண்டும். தளத்தின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் சாக்கைச் சுற்றுங்கள்.

கிழக்கு பார்த்த கரையில், கண்ணுக்கு வடக்கே உள்ள ஊர்களில்தான் கடல் நீர் ஏறும். அங்கே ஓய்வே கிடைக்காது. காற்று வாடையிலிருந்து கொண்டலுக்கும் (கிழக்குக் காற்று) பிறகு சோழகத்துக்கும் படிப்படியாகத் திரும்பும். கோடியக்கரைக்கு மேற்கே, தெற்கு பார்த்த கரையில் கணக்கு வேறு: காற்று சோழகமாகத் திரும்பிய பிறகே அங்கு நீர் ஏறும். புயல் கடந்துவிட்டது என்று அங்கே நிம்மதியாக இருப்பது ஆபத்து.

கேள்வி: தகரக் கூரை மேல் மணல் மூட்டை வைத்தால் போதுமா?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: போதாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ, 120 கி.மீ.யில் 68 கிலோ. பத்தடிக்குப் பத்தடிக் கூரையை மேலே தூக்கும் விசை 600 கிலோவைத் தாண்டலாம். தகரமோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவுதான். நான்கு மூட்டைகள் இதற்கு ஈடாகாது. சறுக்கி விழுந்தால் ஆளையே அடிக்கும்.

கூரை முதலில் பிய்வது ஓரங்களிலும் மூலைகளிலும். அங்கே கொக்கி போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுங்கள், துருப்பிடித்த வாஷர்களை மாற்றுங்கள். தகரம் சட்டத்தோடு இறுகியிருந்தால் மட்டும் போதாது. சட்டம் சுவரோடு இறுகியிருக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அதனால் கூரை சட்டத்தோடு சேர்ந்தே பறக்கிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு, ஜன்னல்களை அடைத்தே வையுங்கள். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும்.

மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருந்தால் நிரப்பிவிடுங்கள். 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் அரை டன். காலியாக இருந்தால் பறந்துவிடும். மின்சாரம் நின்ற பிறகு அந்தத் தண்ணீர்தான் கைகொடுக்கும்.

கேள்வி: தென்னையைக் காப்பாற்ற வழி உண்டா?
- விவசாயி, பட்டுக்கோட்டை

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலை வந்த கஜா புயலில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் பட்ட பாட்டுக்குப் பிறகு இந்தக் கேள்வியின் வலி புரிகிறது. முழுப் பாதுகாப்பு கிடையாது, பாதிப்பைக் குறைக்கலாம். புயல் வருமென்று தெரிந்ததும், மூன்று நான்கு நாள் முன்பே பாசனத்தை நிறுத்துங்கள். ஊறிய மண்ணில் வேர்ப்பிடிப்பு தளரும். முற்றிய தேங்காய்களையும் இளநீரையும் இறக்கி, கீழ்ச்சுற்று மட்டைகளை வெட்டுங்கள். உச்சிப் பாரம் குறைந்தால் மரம் ஆடும் ஆட்டமும் குறையும். குருத்தையும் நடுமட்டைகளையும் தொடாதீர்கள். வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து மண் அணையுங்கள். விளைந்த தார்களை வெட்டிவிடுவதே நல்லது.

கேள்வி: "வலு குறைந்த புயல்" என்றால் பயமில்லையா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை காற்றுள்ளது புயல். 89 முதல் தீவிரப் புயல். இது காற்றின் கணக்கு மட்டுமே, மழையின் கணக்கு அல்ல. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் வெறும் "புயல்" வகைதான். ஆனால் நகராமல் நின்றதால் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்பதையும் அறிவிப்பில் கேளுங்கள். மெதுவாக நகரும் புயல் மழைக்குக் கொடியது.

சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒவ்வொரு செ.மீ. மழையும் 930 லிட்டர். வடிகுழாய் அடைத்துக்கொண்டு 10 செ.மீ. தேங்கினாலே தளத்தின் மேல் ஒன்பது டன்னுக்கு மேல் பாரம். இன்றே சருகை அள்ளிவிட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள்.