ஜாமீன் வந்தால் தகுதி திரும்புமா?

வணக்கம். 2014-இல் பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில் சொத்துக்குவிப்பு வழக்கின் தீர்ப்பு வந்தபின் ஜெயலலிதாவுக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது, பதவி திரும்பவில்லை. ஆனால் 2019 ஜூலையில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட கர்நாடக எம்.எல்.ஏ.க்கள் டிசம்பரிலேயே தேர்தலில் நின்றார்கள். இரண்டும் தகுதிநீக்கம்தானே?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுக்கும் சட்டமே வேறு. ஜெயலலிதா தகுதியிழந்தது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவால். பொதுவாக 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், தீர்ப்பு நாளிலேயே தகுதி போய்விடும். விடுதலையான பிறகும் 6 ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்ட வழக்கில் அந்த 2 ஆண்டு வரம்பும் இல்லை, அபராதம் மட்டும் விதித்தாலே போதும். பதவியில் இருப்பவர் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் தப்பிக்க முன்பு வழி இருந்தது. லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை அடைத்துவிட்டது.

தகுதியைப் பறிப்பது குற்றவாளி என்ற தீர்ப்பு. 2014 அக்டோபரில் ஜாமீன் கிடைத்தபோது தண்டனைதான் நிறுத்திவைக்கப்பட்டது, தீர்ப்பு அப்படியே நின்றது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகே அவர் முதல்வராக முடிந்தது. அதற்குள் அவரது பழைய தொகுதியான ஸ்ரீரங்கத்தில் இடைத்தேர்தல் முடிந்திருந்ததால் ஆர்.கே. நகரில் நின்றார். அவதூறு வழக்கில் தகுதியிழந்த ராகுல் காந்திக்கோ 2023 ஆகஸ்ட் 4 அன்று தீர்ப்புக்கே தடை கிடைத்தது, அவரது தொகுதியான வயநாட்டில் இடைத்தேர்தலும் நடக்கவில்லை. மூன்றே நாளில் மீண்டும் எம்.பி. ஆனார். நாளிதழ்கள் இரண்டையும் ‘தண்டனைக்குத் தடை’ என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் தீங்கு.

கர்நாடக விவகாரம் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சியைத் தானாக விட்டு விலகினாலோ கொறடா உத்தரவை மீறினாலோ சபாநாயகர் பதவியைப் பறிக்கலாம். அன்றைய சபாநாயகர் ரமேஷ் குமார் 17 பேரை நீக்கி, பேரவைக் காலம் முடியும்வரை போட்டியிடவும் தடை விதித்தார். நீக்கம் செல்லும், கால வரம்பு விதிக்க அவருக்கு அதிகாரமில்லை என்று 2019 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு கடிவாளம் உண்டு. அரசியல் சாசனம் 164(1பி)-இன்படி, நீக்கப்பட்டவர் மீண்டும் தேர்தலில் வெல்லும்வரை, அல்லது பழைய பதவிக்காலம் முடியும்வரை, அமைச்சராக முடியாது. அந்த 17 பேரில் ஒருவரான, இடைத்தேர்தலில் தோற்ற எச். விஸ்வநாத் பிறகு மேலவைக்கு நியமிக்கப்பட்டார். நியமனம் தேர்தல் வெற்றியாகாது என்பதால் அமைச்சர் பதவி அவருக்கு எட்டவில்லை. கட்சி தாவியவரை மூன்று, நான்கு மாதத்தில் அதே தொகுதியில் நிற்க விடுவது மிகச் சிறிய தண்டனை. குறைந்தது அந்தப் பேரவைக் காலம் முழுவதும் விலக்கிவைக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.