செவ்வாய்க்கிழமைதான் உன் ஞாயிறு

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 20 வயது. பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவள். வீடு டெக்சாஸில். இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம் முடித்துவிட்டு, கல்லூரி மாணவர்களுக்கான ஐந்து மாத வேலைத் திட்டத்தில் சேர்ந்து, ஃபுளோரிடாவில் ஒர்லாண்டோ பக்கம் ஒரு பெரிய தீம் பார்க்கில் துப்புரவுப் பிரிவில் இருக்கிறேன். ஏழு வாரம் ஆகிறது. பெரும்பாலும் மாலை 4 மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவுக்கு மேல்தான் முடியும். பஸ் பிடித்து அறைக்கு வந்து படுக்க மூன்று மணி ஆகிவிடும். கூட இருப்பவர்களில் ஒருத்தி ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்புவாள். செவ்வாயும் புதனும் எனக்கு ஆஃப். இலவசமாக உள்ளே போகலாம் என்பதால் அந்த நாட்களில் எல்லோருடனும் பார்க்குக்கே போகிறேன். மணிக்கு 17 டாலர் சம்பளம், வாரம் 36 மணி நேரம். வரியும் வாடகை 210 டாலரும் போகக் கைக்கு வருவது சுமார் 320. அதனால் சில புதன்கிழமைகளில் மற்றவர்களின் ஷிஃப்டையும் வாங்கிச் செய்கிறேன். ஞாயிறு காலை என் அம்மா போன் செய்தால் தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழுகிறேன். அப்பாவோ, "எஞ்சினியரிங் படிக்க வைத்தால் குப்பை கூட்டுகிறாயா?" என்கிறார். மிகவும் ஆசைப்பட்டு வந்த வேலை. இப்போது விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்: உன் மின்னஞ்சல் வந்த நேரத்தைப் பார்த்தேன். திங்கள் இரவு, உன் ஊர்க் கணக்கில் இரண்டே கால் மணி. அதாவது ஐந்து நாள் தொடர்ந்து வேலை பார்த்து முடித்த இரவு, கால் வலியோடு, ஒருவேளை சாப்பிடாமல்கூட எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் வேலையை விடுகிறேன் என்றுதான் சொல்வார்கள். அதனால் 'விட்டுவிடலாமா' என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் உன் வாரத்தைப் பார்ப்போம்.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக 22 வருடம் ஷிஃப்ட் பார்த்தவள். பல வருடங்கள் எனக்கு வார ஓய்வு வியாழக்கிழமை. ஊரே ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும்போது நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிரங்க் கால் இணைத்துக்கொண்டிருப்பேன். ஞாயிறு போய்விட்டதே என்ற துக்கம் திங்கள் வரை இருக்கும். வியாழன் வந்தால், மற்றவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருக்க நான் மட்டும் வீட்டில் இருப்பது ஏதோ லீவு போட்ட குற்ற உணர்வு. ஆக இரண்டும் இல்லை. ஒருநாள் வியாழக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தேன். "வெள்ளிக்கிழமைதானே குளிக்கணும்" என்றார் மாமியார். வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஆறு மணி டூட்டி, என் வெள்ளி இன்றைக்குத்தான் என்றேன். சொல்லி முடித்தபோதுதான் எனக்கே அது உறைத்தது.

உனக்கும் அதையேதான் சொல்ல வருகிறேன். நீ வாழ்வது வியாழனில் தொடங்கிப் புதனில் முடிகிற வாரம். ஆனால் மனசுக்குள் டெக்சாஸ் வீட்டுக் காலண்டர்தான் தொங்குகிறது. வியாழன் உன் திங்கள். திங்கள் இரவோடு உன் வேலை நாட்கள் முடிகின்றன. செவ்வாய்தான் உன் ஞாயிறு. இதைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நீ என்ன செய்கிறாய்? வேலை பார்க்கிற இடத்துக்கே திரும்பப் போகிறாய்!

இந்தத் தொழிலில் நாடகக் கொட்டகைப் பாஷை புழங்குவது உனக்கே தெரியும். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனாஹெய்மில் டிஸ்னிலேண்ட் திறந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. வேலை செய்பவர் நடிகர், வருகிறவர் விருந்தாளி, மக்கள் நடமாடுகிற இடமெல்லாம் மேடை, பின்னால் இருப்பது மேடைக்குப் பின்புறம். இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். கௌபாய் வேஷம் போட்ட ஊழியர் ஒருவர், எதிர்கால உலகமாக அமைத்திருந்த பகுதி வழியாக நடந்து போவதை வால்ட் டிஸ்னி பார்த்துச் சங்கடப்பட்டாராம். 1971 அக்டோபரில் ஒர்லாண்டோ அருகே மேஜிக் கிங்டம் திறந்தபோது, ஊழியர்கள் யார் கண்ணிலும் படாமல் போய்வர அடியில் நடைபாதைகளே அமைத்திருந்தார்கள். ஃபுளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் நடைபாதையைத் தரைமட்டத்தில் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணை அதைச் சுற்றிலும் மேலேயும் கொட்டி, பார்க்கை இரண்டாவது மாடி மாதிரி மேலே எழுப்பினார்கள். வருகிறவர்கள் தரையில் நடப்பதாக நினைத்துக்கொண்டு கூரைமேல் நடக்கிறார்கள்.

மேடையில் நிற்பவருக்கு அதிலிருந்து இறங்க ஓர் இடம் வேண்டும் என்று அந்தக் கட்டிடக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது. நீயோ ஆஃப் நாளிலும் மேடைமேலேயே நிற்கிறாய். அதே பாட்டு, அதே பாப்கார்ன் வாசனை. யாராவது ஐஸ் குச்சியைக் கீழே போட்டால் உன் கை தானாகக் குனியப் பார்க்கும். பொய் சொல்லாதே, பார்க்கும்.

தோழிகளோடு போகவே கூடாது என்று சொல்லவில்லை. இலவச அனுமதி இந்த வேலையின் பெரிய சலுகை, ஐந்து மாதத்துக்குப் பிறகு கிடைக்காது. புதன் மாலை போ, இரண்டு மூன்று மணி நேரம் போதும். செவ்வாய் மட்டும் பார்க் கண்ணில் படவே கூடாது. பதினோரு மணி வரை தூங்கு. துணி துவை. அடுத்த நாலு நாளைக்குச் சாதமோ பருப்போ செய்து ஃப்ரிட்ஜில் வை. இரவு இரண்டு மணிக்கு மெஷினில் சிப்ஸ் வாங்குகிறவளுக்கும் அறைக்கு வந்து பருப்பு சாதம் சூடுபண்ணிச் சாப்பிடுகிறவளுக்கும் மறுநாள் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வெளியே போகத் தோன்றினால் பார்க்குக்கு வெளியேயும் ஃபுளோரிடா இருக்கிறது. கார் வைத்திருக்கும் தோழி யாராவது இருந்தால் பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொண்டு வெகைவா ஊற்றுக்குப் போய் வாருங்கள். ஒர்லாண்டோவுக்கு வடக்கே, பக்கம்தான். வருடம் முழுக்க 22 டிகிரியில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் கோகோ பீச்; அதற்கு வடக்கே கேப் கேனவெரல். அங்கிருந்து ராக்கெட் இரவில் கிளம்பினால், வானம் தெளிவாக இருக்கும் பட்சத்தில், ஒர்லாண்டோவில் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பார்க்கலாம். ஏவும் தேதியையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள். எஞ்சினியரிங் படிக்கிற பெண் அதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் எனக்குக் கோபம் வரும்.

தூக்கம். ஐந்து மணிக்கு எழுகிற பெண்ணோடு சண்டை போடாதே. நீ இரண்டு மணிக்கு வந்து கதவைத் திறக்கும் சத்தம் அவளுக்கும் அதே தொல்லைதான். இருவரும் பகலில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவள் சீருடையை முந்தின இரவே ஹாலில் எடுத்து வைக்கட்டும், நீ வந்ததும் விளக்கைப் போடாதே, அலாரம் இருவருக்கும் தலையணைக்கு அடியில், அதிர்வு மட்டும். காதுக்கு ஃபோம் அடைப்பானும் கண்ணுக்குத் துணிப் பட்டையும் சேர்த்துப் பத்து டாலருக்குள் முடிந்துவிடும். ஷூ இரண்டு ஜோடி வைத்து நாள்விட்டு நாள் மாற்று. கோடையில் அங்கே பிற்பகலில் இடி மழை அடிக்கடி வரும். நனைந்த ஷூவோடு இரவு வரை நடந்தால் காலில் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. மாற்றுச் சாக்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும்.

இனி பணம். புதன்கிழமை ஷிஃப்டை வாங்கிச் செய்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் செய்கிற வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. உன் 36 மணி நேரத்தோடு எட்டு மணி நேர ஷிஃப்ட் சேர்ந்தால் முதல் நாலு மணிக்கு 17 டாலர், அடுத்த நாலு மணிக்கு 25.50. ஆக 170 டாலர், அதிலும் வரி போகும். ஆனால் அந்த 40ஐ எண்ணுவது கம்பெனியின் சம்பள வாரத்தை வைத்து, நான் உனக்குப் போட்டுக் கொடுத்த வாரத்தை வைத்து இல்லை. அது எந்தக் கிழமை தொடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். மாதத்துக்கு ஒருமுறை, கூடுதல் கூலி கிடைக்கிற வாரமாகப் பார்த்துச் செய். எல்லாப் புதனையும் விற்றுவிடாதே.

இன்னொன்று, உன் வயதில் பலர் கவனிக்காதது. சம்பளச் சீட்டைப் பார். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று 7.65 சதவீதம் போயிருக்கும், அது திரும்ப வராது. அதற்குப் பக்கத்தில் கூட்டரசு வருமான வரி என்று ஒரு பிடித்தம் இருக்கும். உன் கணக்குப்படி வாரம் முப்பது முப்பத்தைந்து டாலர். ஐந்து மாத மொத்தச் சம்பளம் 13,500 டாலர் அளவில்தான் வரும். தனி நபருக்கான நிலையான கழிவு, அதாவது வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழித்துக்கொள்கிற தொகை, 2025க்கே 15,750 டாலர். அந்த வருடத்தில் உனக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அந்த வரி முழுக்கத் திரும்பி வரும், ஏறத்தாழ 700 டாலர். ஆனால் நீயாக ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும். அதற்கான வழக்கமான கெடு அடுத்த வருடம் ஏப்ரல் 15. உனக்காக நாலு புதன்கிழமை வேலை அங்கே சேர்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது உன்னைக் குத்தியிருக்கிறது. எனக்கும் படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. நம் ஆட்களுக்குத் துடைப்பம் என்றால் ஒரு ஒவ்வாமை, அது எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஒரு கடிதத்தில் தீராது. ஆனால் தீம் பார்க் என்ற தொழிலே துடைப்பத்தின்மேல்தான் நின்றது. பழைய பொழுதுபோக்குப் பூங்காக்களின் அழுக்கைப் பார்த்துவிட்டு, தன் பூங்கா அப்படி இருக்கக்கூடாது என்பது வால்ட் டிஸ்னியின் பிடிவாதம். சக் போயாஜியன் என்பவரைத் துப்புரவுப் பிரிவுக்குத் தலைவராக வைத்தார். பிற்பாடு அந்த நிறுவனம் தன் மேதைகள் வரிசையில் ஓவியர்கள், இசையமைப்பாளர்களோடு அவர் பெயரையும் சேர்த்தது.

அப்புறம், பார்க்கில் வழி தெரியாதவர்கள் யாரைக் கேட்கிறார்கள்? துடைப்பத்தோடு நிற்கிற உன்னைத்தான். "மூன்று மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். டிஸ்னி பயிற்சிகளில் பல வருடமாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற கேள்வி இது. மூன்று மணிக்கு என்று சொன்னால் சரியான பதில்தான், ஆனால் உபயோகம் இல்லாத பதில். அவர்கள் கேட்பது ஊர்வலம் இந்த முனைக்கு எப்போது வரும், குழந்தையோடு எங்கே நின்றால் தெரியும் என்பதை. கூட்டம் எங்கிருந்து எங்கே நகர்கிறது, எந்தத் தொட்டி எப்போது நிரம்புகிறது, ஊர்வலம் முடிந்த எத்தனையாவது நிமிடத்தில் கழிப்பறை வரிசை நீள்கிறது என்பதெல்லாம் தினமும் உன் கண் முன்னால் நடக்கிறது. நீ படிப்பது இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கு. வாரம் ஒரு பக்கம், வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன் எழுது. மூன்றாம் வருட ப்ராஜெக்டுக்கு ஆகும்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருக்காதே. இப்போதைக்கு அவர் காதில் ஏறாது. வரித் தொகை திரும்பி வந்ததும் அதைக் காட்டு. அப்பாக்களுக்கு அது புரியும்.

சரி, விட்டுவிடலாமா? ஒரு செவ்வாயை நான் சொன்ன மாதிரி கழித்துவிட்டு, புதன்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டுப்பார். அடுத்த புதனும் கேள். மூன்று புதனும் 'விடலாம்' என்றே பதில் வந்தால் விடு, அதில் ஒரு கேவலமும் இல்லை. அதற்கு முன் மூன்று தாள்களை எடுத்துப் படி. ஒன்று, தங்குமிட ஒப்பந்தம்: இம்மாதிரித் திட்டங்களில் வீடு வேலையோடு சேர்ந்தது, வேலையை விட்டால் அறையையும் சீக்கிரம் காலி செய்ய வேண்டியிருக்கும். இரண்டு, கல்லூரியில் இதற்கு கிரெடிட் பதிவு செய்திருக்கிறாயா என்பது. மூன்று, எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது. சொல்லாமல் போனால் பின்னால் அங்கே மறுபடி வேலைக்கு எடுக்கமாட்டார்கள். விடுவதற்கு முன் மேலாளரிடம் பகல் ஷிஃப்ட் கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டுவிடு. ஏழு வாரத்தில் நீ கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

ஆனால் மூன்று வாரமும் தூக்கமே வராமல், சாப்பிடப் பிடிக்காமல், அழுகை நிற்காமல் இருந்தால் புதன்கிழமைக் கணக்கெல்லாம் பார்க்காதே. உன் கல்லூரியின் கவுன்சலிங் மையத்துக்கு அன்றைக்கே போன் செய்.

உன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடு. செவ்வாய் மதியம் இரண்டு மணி, உன் ஊர் நேரம். அவருக்கு ஒரு மணி, சாப்பாட்டு நேரமாக இருக்கும். முதல் இரண்டு வாரம் மறந்துபோய் ஞாயிறே கூப்பிடுவார். போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கு. செவ்வாய்க்கிழமை நீயே முதலில் கூப்பிடு.