காட்டுக் காளான்களை இனம் காண்பது: கேளுங்கள், சொல்கிறேன்

பதினான்கு வருடமாகக் காளான்களைத் தேடிப் பார்த்து, வரைந்து, குறித்து வைத்து வருகிறேன். இனம் காண்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: படத்தைப் பார்த்து "இதைச் சாப்பிடலாம்" என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சொல்லித்தரப் பக்கத்தில் யாரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: "சாப்பிடலாமா?" என்ற கேள்வியை ஒரு வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். நான் முதல் மூன்று மழைக்காலமும் ஒரு காளானைக்கூட வாயில் வைக்கவில்லை. கற்றுக்கொண்டதெல்லாம் அப்போதுதான்.

கண்ணில் பட்டதைக் கிள்ளி எடுக்காதீர்கள். கத்தியை மண்ணுக்குள் விட்டு அடியோடு பெயர்த்தெடுங்கள். தண்டின் அடியில் முட்டை ஓடு கிழிந்தது போல ஒரு உறை இருக்கிறதா என்று பாருங்கள். அமானிட்டா குடும்பத்தின் மோசமான காளான்கள் பலவற்றுக்கு அதுதான் அடையாளம். கிள்ளி எடுத்தால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும். அப்புறம் செவுள்களை, அதாவது குடையின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளைப் பாருங்கள்: தண்டைத் தொடுகின்றனவா, விலகி நிற்கின்றனவா? தண்டில் வளையம் உண்டா? வெட்டினால் சதை நிறம் மாறுகிறதா? வாசனை என்ன? மண்ணில் வளர்ந்ததா, மட்டையிலா, எந்த மரத்தடியில்? எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

பிறகு ஸ்போர் பிரிண்ட், அதாவது காளான் உதிர்க்கும் வித்துத் தூளைக் காகிதத்தில் படியவிட்டு அதன் நிறத்தைப் பார்ப்பது. குடையைத் தனியாக வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தின் மேல் செவுள் கீழே வரும்படி வைத்து, ஒரு டம்ளரால் மூடிவிடுங்கள். காலையில் எடுத்தால் தூள் படிந்திருக்கும். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்றொரு காளான் புல்வெளியில் பெரிய குடையாக வரும். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகத்தான் தெரியும். பார்த்தால் சாதுவான காளான்தான் என்று தோன்றும். பிரிண்ட் எடுத்தால் பச்சை. தெரியாமல் தின்றவர்களை ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுக்க வைத்துவிடும். என் நெருங்கிய தோழி அதில் மாட்டி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. முந்தின இரவு ஒரு காகிதம் விரித்திருந்தால் போதும், தப்பித்திருப்பாள்.

கேள்வி: விஷக் காளானைத் தொட்டாலே ஆபத்தா?

பதில்: இல்லை. தொடலாம், முகரலாம். விழுங்கினால்தான் ஆபத்து. பார்த்து முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: வெள்ளிக் கரண்டியோ பூண்டோ போட்டு வேகவைத்தால், விஷம் இருந்தால் கறுத்துவிடும் என்கிறார்களே?

பதில்: கறுக்காது. டெத் கேப் எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸில் உள்ள அமாடாக்சின்கள் என்ற விஷங்கள் வெள்ளியோடும் வினைபுரியாது, பூண்டோடும் வினைபுரியாது. கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் அந்த விஷம் அழியாது. தோல் உரிந்தால் நல்ல காளான் என்பதும் பொய். டெத் கேப்பின் தோல் அழகாக உரியும். எல்லா வகைக்கும் ஒரே சோதனை என்று எதுவுமே கிடையாது.

கேள்வி: பூச்சி அரித்திருந்தால் நல்லதுதானே அக்கா?

பதில்: அமாடாக்சினைத் தாங்கும் பழ ஈ இனங்கள் இருக்கின்றன, அந்தக் காளானுக்குள்ளேயே அவற்றின் புழுக்கள் வளரும். நத்தை தின்னும், நத்தைக்கு ஒன்றும் ஆகாது. அவற்றின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். வெள்ளைக் காளான், மேலிருந்து எடுத்தது. சாப்பிடலாமா?

பதில்: சொல்ல முடியாது. அடியும் தெரியவில்லை, செவுளும் தெரியவில்லை.

கேள்வி: மொபைல் ஆப் பெயர் சொல்லிவிட்டது. அதை நம்பலாமா?

பதில்: எந்தப் பெயரைப் போய்ப் படிப்பது என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். ஆப்புக்கு வாசனை தெரியாது, பிரிண்ட் தெரியாது, மண்ணுக்குள் இருப்பதும் தெரியாது.

கேள்வி: எங்கள் வீட்டில் முப்பது வருடமாக ஒரே வகைக் காட்டுக் காளானைச் சாப்பிடுகிறோம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: உங்கள் வீட்டு அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் "இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்பதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. பாக்சிலஸ் இன்வோல்யூட்டஸ் என்ற காளானை ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஜெர்மன் பூஞ்சையியல் அறிஞர் யூலியஸ் ஷேஃபர் 1944-இல் அதைச் சாப்பிட்டுத்தான் இறந்தார். காளான்களையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அவர். பல முறை சாப்பிட்டுப் பழகிய ஒருவரின் உடம்பு, ஒரு நாள் திடீரென்று அந்தக் காளானுக்கு எதிராகக் கிளம்பித் தன் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். நூறாவது முறையிலும் அது நடக்கலாம்.

போலந்தில் 1952-இல் கார்டினேரியஸ் ஒரெல்லானஸ் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதுவரை அதைத் தீங்கற்றது என்றே நினைத்திருந்தார்கள். காரணம் இதுதான்: சாப்பிட்டுச் சில நாள், சில சமயம் இரண்டு வாரம் கழித்துத்தான் சிறுநீரகம் கெடும். அதற்குள் காளான் சாப்பிட்டதே மறந்துபோயிருக்கும்.

மீண்டும் அவரே: அதெல்லாம் வேறு காளான்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தூரத்தில் இருந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

பதில்: சொல்வார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அறிவு அந்த நிலத்துக்கு உரியது. வைக்கோல் காளான் எனப்படும் வால்வேரியெல்லாவைச் சிறு வயதிலிருந்தே அறிந்த தென்கிழக்கு ஆசியர்கள், ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் குடியேறிய பிறகு டெத் கேப்பைப் பறித்துத் தின்று இறந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் உறை உண்டு. மொட்டாக இருக்கும்போது இரண்டின் செவுளும் வெள்ளைதான். வால்வேரியெல்லாவின் பிரிண்ட் இளஞ்சிவப்பு, டெத் கேப்பின் பிரிண்ட் வெள்ளை. அவர்கள் கண் பழுதில்லை. பிறந்த இடத்தில் டெத் கேப் வளரவில்லை, அதனால் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

இடையில் இன்னொருவர்: அப்படியானால் பெரியவர்கள் சொல்வதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். எழுதி வையுங்கள். புத்தகத்தில் இல்லாத எத்தனையோ விஷயம் அவர்களிடம் இருக்கிறது.

மீண்டும் அவரே: நாங்கள் வேறு இடத்தில் பறிக்கவே மாட்டோம். கறையான் புற்றில் வருவதை மட்டும்தான் எடுப்போம். வேர் போல நீண்டு புற்றுக்குள் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடையில் போடக் கூடாது என்பார்கள்.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! முப்பது வருடமாக உங்களைக் காத்தது இந்த விதிதான். நீங்கள் சொல்வது டெர்மிட்டோமைசிஸாக இருக்க வேண்டும். கறையான்களே கூட்டுக்குள் அந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன; அங்கிருந்து நீண்ட வேர்த்தண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. அந்த இனத்திலேயே டெர்மிட்டோமைசிஸ் டைட்டானிகஸின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை வரும். வேரைத் தோண்டிப் பார்க்கச் சொன்ன உங்கள் பெரியவர்களும் "அடியோடு எடு" என்ற என் பாடத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: இன்னொரு படம். இதுவும் வெள்ளை. சமைக்கலாமா?

பதில்: மேலே சொன்னதுதான். படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வெள்ளைக் காளான், தோட்டத்தில். படம் தெளிவாக இருக்கிறது.

பதில்: எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மாட்டேன். தயவுசெய்து மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: தெரியாமல் சாப்பிட்டு வாந்தி எடுத்து, மறுநாள் சரியாகிவிட்டால் விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. இதை எல்லாரும் படியுங்கள். டெத் கேப் சாப்பிட்ட முதல் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதன் பின் ஒரு நாள் போல நன்றாகிவிட்டது என்றே தோன்றும். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். புதுப் புரதம் செய்வதற்கான முதல் படியையே அந்த விஷம் நிறுத்திவிடுகிறது, அதனால் ஈரல் செல்கள் சாகின்றன. முற்றிப்போனால் ஈரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போகும். பெரியவர் ஒருவரைக் கொல்ல ஒரே ஒரு காளான் போதும். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி தொடங்கினால் அதை இன்னும் பெரிய அபாயமாக எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வாந்தி வந்தது என்பதற்காகவும் நிம்மதி அடையாதீர்கள், இரண்டு வகை கலந்து தின்றிருக்கலாம். அறிகுறி வரும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமான காளானையும் சமைத்த மீதியையும் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும்.

கேள்வி: மைக்ரோஸ்கோப் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். ஒரு கத்தி, ஒரு லென்ஸ், ஒரு நோட்டு போதும்.

மீண்டும் புற்றுக் காளான்காரர்: இன்று காலை பறித்தது வீட்டில் இருக்கிறது. பிரிண்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: ரொம்ப சந்தோஷம்! நன்றாக விரிந்த குடையாகப் பார்த்து எடுங்கள், மொட்டில் தூள் விழாது. காய்ந்திருந்தால் குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மங்கிய இளஞ்சிவப்பாக வரும் என்று எதிர்பார்க்கிறேன். வெள்ளையாகவோ பச்சையாகவோ வந்தால் அந்தக் கூடையைச் சமைக்காமல் என்னிடம் சொல்லுங்கள். வேரிலிருந்து மறுபடி பார்ப்போம்.